அஸ்காரியின் தடத்தில் ஆறு நாள்கள்

முதல் நாள்: மிலான்

மெட்ரோவின் மொனுமென்தாலே நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், எதிரிலேயே கல்லறைத் தோட்டத்தின் நீண்ட முகப்பு நிற்கிறது. 1866-இல் திறக்கப்பட்ட இந்த இடத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சிற்பங்களைப் பார்க்க வருகிறார்கள். மிலானின் பணக்காரக் குடும்பங்கள் ஒன்றையொன்று விஞ்சிக் கட்டிய மண்டபங்களைப் பார்த்து முடிக்க ஒரு முழுப் பகல் போதாது. நான் ஒரே ஒரு குடும்பத்தைத் தேடி வந்தேன். தகப்பனார் அந்தோனியோ அஸ்காரி, மகன் ஆல்பெர்த்தோ அஸ்காரி. இருவரும் பந்தயக் கார் ஓட்டுநர்கள். இருவரும் அந்தத் தொழிலிலேயே உயிரை விட்டவர்கள். இருவரும் இங்கே அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

அந்தோனியோ 1888 செப்டம்பர் 15 அன்று பிறந்தவர். 1925 ஜூலை 26 அன்று, பாரிசுக்கு அருகிலுள்ள மோன்லேரி ஓடுதளத்தில், பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் அவர் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது, அவருடைய ஆல்ஃபா ரோமியோ பி2 கார் ஓரத்து வேலியில் சிக்கிக் கவிழ்ந்தது. ஆல்பெர்த்தோவுக்கு அன்று ஏழு வயது நிறைந்து 13 நாள்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சிறுவன் வளர்ந்து, 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகச் சாம்பியன் ஆகி, 1955 மே 26 அன்று மொன்ஸாவில் இறந்தான்.

இருவருக்கும் வயது 36. இருவருக்கும் தேதி 26. இந்தப் பொருத்தங்களைச் சொல்லாமல் அஸ்காரியைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. விமானத்தில் தூக்கம் வராத நேரத்தில் நானும் கணக்கிட்டுப் பார்த்தேன்: தகப்பனார் வாழ்ந்தது 36 ஆண்டுகளும் 314 நாள்களும், மகன் வாழ்ந்தது 36 ஆண்டுகளும் 317 நாள்களும். மூன்றே நாள் வித்தியாசம். கணக்கு முடிந்ததும் உடம்பு ஒரு கணம் சிலிர்த்தது உண்மை. ஆனால் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது என்று என் அறிவு சொல்கிறது. இந்தப் பொருத்தங்களைப் பேசிப் பேசியே, ஆல்பெர்த்தோ என்ற அந்த மனிதர் இருபதாண்டுக் காலம் என்ன வேலை செய்தார், அதை எப்படிச் செய்தார் என்பதைப் பேசாமல் விட்டுவிட்டோம் என்பது என் எண்ணம். ஆகவே அவர் வேலை செய்த இடங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, அவர் விழுந்த இடத்துக்குக் கடைசியாகப் போவது என்று திட்டமிட்டிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் இன்றே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அது தேவைப்படும். அஸ்காரி சகுனம் பார்ப்பவர். கறுப்புப் பூனை குறுக்கே போனால் வேறு வழியில் சுற்றிப் போகிறவர். வெளிர்நீல ஹெல்மெட், நீலச் சட்டை, கண்ணாடி, கையுறை ஆகிய எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்திருப்பார். அந்தப் பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. பூனைச் சகுனம் நமக்குப் புதிதல்ல என்பதால் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லை. அதோடு, காரின் ஒவ்வொரு பாகத்தையும் வேறொருவர் கை பொருத்தியிருக்க, உயிர் மட்டும் தன்னுடையதாக இருக்கும் தொழிலில், தன் கட்டுப்பாட்டில் இருக்கும் சில பொருள்களையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ள ஒருவர் விரும்புவதில் வியப்பு என்ன இருக்கிறது?

இரண்டாம் நாள்: பிரெஷா

மிலானிலிருந்து கிழக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பிரெஷா வந்துவிடுகிறது. ஊரின் விளிம்பில், சாந்த் எவுஃபேமியா என்னும் பழைய மடாலயத்துக்குள், மில்லே மில்யா பந்தயத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. துறவிகள் நடந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மில்லே மில்யா என்றால் ஆயிரம் மைல். பிரெஷாவில் புறப்பட்டு ரோம் வரை போய்ப் பிரெஷாவுக்கே திரும்பும் இந்தப் பந்தயம் பொதுச் சாலைகளில் நடந்தது.

ஆல்பெர்த்தோ முதலில் ஓட்டியது கார் அல்ல, மோட்டார் சைக்கிள். பியாங்கி நிறுவனத்துக்காக ஓட்டினார். நான்கு சக்கரத்துக்கு அவர் மாறியது இந்த ஊரிலிருந்துதான். 1940 ஏப்ரல் 28 அன்று, போரின் நிழலில், வழக்கமான பாதை கைவிடப்பட்டு, பிரெஷா, கிரெமோனா, மாந்தோவா ஆகிய மூன்று ஊர்களை இணைக்கும் முக்கோணச் சாலையில் பந்தயம் நடந்தது. அவருக்கு அப்போது 21 வயது. ஓட்டிய காரின் பெயர் 815. அதில் ஃபெராரி என்ற பெயர் எங்கும் இல்லை. ஆல்ஃபா ரோமியோவை விட்டு விலகியபோது நான்கு ஆண்டுகளுக்குத் தன் பெயரைப் பந்தயத்தில் பயன்படுத்துவதில்லை என்று என்ஸோ ஃபெராரி ஒப்புக்கொண்டிருந்தார். ஃபியட் பாகங்களை அடிப்படையாகக் கொண்டு, எட்டு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்துக் கட்டிய ஒன்றரை லிட்டர் எஞ்சின் அதில் இருந்தது. அந்தோனியோவும் என்ஸோவும் ஆல்ஃபாவில் ஒன்றாக ஓட்டியவர்கள். நண்பனின் மகனிடம் தன் முதல் காரை ஒப்படைத்தார் என்ஸோ. இளைஞர் தம் பிரிவில் முன்னணிக்கு வந்தார். பிறகு எஞ்சின் பழுதாகி நின்றுவிட்டது. செய்யப்பட்ட இரண்டு 815 கார்களில் அஸ்காரி ஓட்டியது இன்றும் இருக்கிறது; மற்றது பின்னாளில் உடைத்துப் பழைய இரும்பாக்கப்பட்டது.

போர் வந்தது. திருமணமாகிக் குழந்தைகளும் பிறந்துவிட்ட நிலையில், நண்பர் லூயிஜி வில்லோரேஸியுடன் சேர்ந்து வட ஆப்பிரிக்காவிலிருந்த படைகளுக்கு எரிபொருள் கொண்டுபோகும் தொழில் நடத்தினார். ஒன்பது வயது மூத்தவரான வில்லோரேஸிதான் போருக்குப் பின் அவரை மீண்டும் பந்தயத்துக்கு இழுத்து வந்தவர். இந்த நட்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரே தொழிலில், ஒரே அணியில், முதலிடத்துக்குப் போட்டியிடும் இருவர் கடைசிவரை நண்பர்களாக இருந்ததற்கு வேறு எடுத்துக்காட்டுகள் அதிகம் இல்லை.

திரும்பும் வழியில் லொனாத்தோ ஊரைப் பார்க்கப் போனேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, ஒரு சாலைதான். 1951 மில்லே மில்யாவில் இந்தப் பகுதியில்தான் அஸ்காரியின் கார் இருட்டில் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் ஒருவர் இறந்தார். வழக்கு அவரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. இந்தப் பந்தயத்தில் இனி ஓட்டுவதில்லை என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். அந்தத் தீர்மானத்தை 1954-இல் மீற வேண்டியிருந்தது: அணியில் வில்லோரேஸி காயம்பட்டுப் படுத்துவிட்டார், ஓட்ட வேறு ஆள் இல்லை. லான்சியா டி24 காரில் தனி ஆளாக ஆயிரம் மைலையும் ஓட்டி முதலிடம் பெற்றார். பிடிக்காத வேலையை, செய்துதான் ஆக வேண்டும் என்று வந்தபின், குறையில்லாமல் செய்து முடிப்பவரைத்தான் தொழில்காரர் என்கிறோம்.

மூன்றாம் நாள்: மொதெனா, மரனெல்லோ

இன்றைக்குச் சுருக்கமாகவே எழுதுகிறேன். மரனெல்லோவிலுள்ள ஃபெராரி அருங்காட்சியகத்தில் கூட்டம் மிகுதி. பாதிப் பேர் கார்களைப் பார்ப்பதைவிடச் சிமுலேட்டர் இருக்கையில் உட்காருவதற்காகவே வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் சிறிது நேரம் நின்றேன்.

அஸ்காரி 1949-இல் ஃபெராரி அணியில் சேர்ந்தார். அதற்கு முன் இதே மொதெனாவின் மசெராத்தி காரில் ஓட்டி, 1948-இல் சான் ரேமோ கிராண்ட் பிரியை வென்றிருந்தார். அந்த வெற்றிக்குப் பின் அந்தக் காருக்கே சான் ரேமோ என்ற பெயர் நிலைத்தது. ஃபெராரியில் முதல் உலகச் சாம்பியன் பந்தய வெற்றி 1951-இல் நூர்பர்க்ரிங்கில் வந்தது. அந்த ஆண்டே பட்டமும் வந்திருக்க வேண்டும். கடைசிப் பந்தயம் ஸ்பெயினில், பார்சலோனாவின் பெத்ரால்பெஸ் சாலைகளில் நடந்தது. ஆல்ஃபா ரோமியோவின் அர்ஜென்டின ஓட்டுநர் ஃபாஞ்சியோவுக்கும் அவருக்கும் இடையே சில புள்ளிகள்தான் வித்தியாசம். ஃபெராரி அணி வழக்கத்தைவிடச் சிறிய சக்கரங்களைத் தேர்ந்தெடுத்தது. டயர்களின் மேற்பட்டை ஒன்றன்பின் ஒன்றாக உரிந்துபோனது. அணி செய்த ஒரு முடிவால் ஓர் ஆண்டு உழைப்பு வீணாகியது. ஓட்டுநருக்கு அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, பிட்டுக்கு வந்து டயர் மாற்றிக்கொண்டு திரும்பவும் போவதைத் தவிர.

என்ஸோ ஃபெராரி தம் நினைவுகளில் அஸ்காரியைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்கிறார். ஒன்று, முன்னணியில் ஓடும்போது அவரை முந்துவது ஏறத்தாழ இயலாத காரியம், ஆனால் பின்னால் இருந்து துரத்த வேண்டி வந்தால் அவர் நிம்மதி இழந்துவிடுவார் என்பது. மற்றொன்று, வீட்டில் பிள்ளைகளிடம் அஸ்காரி வேண்டுமென்றே கண்டிப்பாக நடந்துகொண்டார் என்பது. தான் ஒருநாள் திரும்பி வராமல் போனால், அதிகம் அன்பு காட்டாத தகப்பனை இழப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கும் என்று அவர் கருதினாராம். ஏழு வயதில் தகப்பனை இழந்தவர் தம் பிள்ளைகளுக்காகப் போட்ட கணக்கு இது. சரியான கணக்கா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வாயில்லை.

மாலையில் மொதெனாவில் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். இப்போது என்ஸோ ஃபெராரி பூங்கா என்று அழைக்கப்படும் இந்த இடம் ஒரு காலத்தில் விமான ஓடுதளமும் பந்தயப் பாதையும் சேர்ந்ததாக இருந்தது. 1957 மார்ச்சில் எவுஜேனியோ கஸ்தெல்லோத்தி இங்கே ஒரு சோதனை ஓட்டத்தில் இறந்தார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் அவர் ஹெல்மெட்டோடு வருவார்.

நான்காம் நாள்: டூரின்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த இடம் டூரினின் தேசிய ஆட்டோமொபைல் அருங்காட்சியகம். அஸ்காரியின் வாழ்வில் இரண்டு கார்கள் முக்கியமானவை, அந்த இரண்டு வகையும் இங்கே இருக்கின்றன.

முதலாவது ஃபெராரி 500. பார்வைக்கு எளிமையான கார். சிறுவன் வரைந்த பந்தயக் கார் போல ஒரு நீண்ட மூக்கும் நான்கு சக்கரமும். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின்களுக்குப் பேர்போன ஃபெராரியில், இரண்டு லிட்டர் பந்தயத்துக்கு நான்கு சிலிண்டரே போதும் என்று வாதிட்டு இதை உருவாக்கியவர் ஆரேலியோ லம்ப்ரேதி. பாகங்கள் குறைவு என்பதால் எடை குறைவு, பழுதும் குறைவு. வளைவிலிருந்து வெளியே வரும்போது தாழ்ந்த சுழற்சியிலேயே இழுவிசை கிடைக்கும். 1952, 1953 ஆண்டுகளில் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான பந்தயங்கள் ஃபார்முலா 2 எனப்படும் இரண்டு லிட்டர் எஞ்சின் விதிகளின்படி நடத்தப்பட்டதால், இந்தச் சிறிய கார் அரசனாகிவிட்டது. பட்டக் கணக்கில் சேர்ந்திருந்த அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் பந்தயத்தை நீக்கிப் பார்த்தால், அந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த 15 பந்தயங்களில் 14-ஐ இது வென்றது.

1952-இன் முதல் ஐரோப்பியப் பந்தயமான சுவிட்சர்லாந்தில் அஸ்காரி ஓட்டவில்லை. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் 500-க்காகப் போயிருந்தார், அங்கே 40-ஆவது சுற்றில் சக்கரம் உடைந்து திரும்பினார். திரும்பி வந்தபின் பெல்ஜியம், பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி என்று மிச்சமிருந்த ஆறையும் வென்றார். அடுத்த ஆண்டு அர்ஜென்டினா, நெதர்லாந்து, பெல்ஜியம். அவர் கலந்துகொண்ட ஒன்பது பந்தயங்களில் தொடர்ந்து ஒன்பது வெற்றி. இதை எட்ட வேறொருவருக்கு 60 ஆண்டுகள் ஆயின. 2013-இல் செபாஸ்டியன் வெட்டல் எட்டினார், 2023-இல் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் கடந்தார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், 1952-இல் எதிரி என்று சொல்லத்தக்க ஒருவர் களத்தில் இல்லை. ஆல்ஃபா ரோமியோ பந்தயத்தை விட்டே விலகியிருந்தது. ஃபாஞ்சியோ ஜூன் மாதம் மொன்ஸாவில் கழுத்தெலும்பு முறிந்து அந்த ஆண்டு முழுவதும் ஓட்டவில்லை. அஸ்காரியின் எண்ணிக்கையைக் குறைத்துப் பேசுபவர்கள் இதைத்தான் சுட்டுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதே காரில் அதே அணியில் 1950-இன் உலகச் சாம்பியன் ஃபரீனாவும் ஓட்டினார் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு நூர்பர்க்ரிங்கில் முடிவுக்குச் சற்று முன் அஸ்காரி எஞ்சின் எண்ணெய்க்காகப் பிட்டுக்கு வர நேர்ந்தது. ஃபரீனா முன்னே போய்விட்டார். துரத்தத் தெரியாதவர் என்று பெயர் வாங்கிய அஸ்காரி துரத்திப் பிடித்து வென்றார். என்ஸோவின் தீர்ப்பை முழுதாக நம்பாமல் இருக்க எனக்கு இந்த ஒரு பந்தயம் போதும்.

இரண்டாவது கார் லான்சியா டி50. இதன் முன்னால்தான் நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே, இரு புறமும், காரின் உடலோடு ஒட்டாமல் ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு, இரண்டு நீண்ட பெட்டிகள் தாங்குகம்பிகளில் நிற்கின்றன. அவை எரிபொருள் தொட்டிகள். அந்தக் காலத்துக் கார்களில் தொட்டி வாலில் இருக்கும். பந்தயம் தொடங்கும்போது பின்பாரம் கூடுதலாகவும், எரிபொருள் தீரத் தீர முன்பாரம் கூடுதலாகவும் மாறி, ஒரே வளைவில் கார் முதல் சுற்றில் ஒரு விதமாகவும் கடைசிச் சுற்றில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். பாரத்தை நடுவில் வைத்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. வி8 எஞ்சினைச் சற்றுச் சாய்த்து வைத்து, சக்தியைப் பின்னால் கடத்தும் தண்டை ஓட்டுநருக்கு அடியில் செலுத்தாமல் பக்கத்தில் செலுத்தியிருக்கிறார்கள். அதனால் இருக்கை தரையை நெருங்கியிருக்கிறது. எஞ்சினே சட்டத்தின் ஓர் அங்கமாகப் பாரத்தைத் தாங்குகிறது. பிடிமானத்தின் எல்லை மிக உயரம். ஆனால் அந்த எல்லையைத் தாண்டினால் முன்னறிவிப்பின்றிச் சட்டென்று வழுக்கிவிடும் என்று ஓட்டியவர்கள் சொன்னார்கள். வடிவமைத்தவர் வித்தோரியோ யானோ. அந்தோனியோ இறந்த பி2 காரை வடிவமைத்தவரும் அவரே.

இந்தக் காருக்காகத்தான் அஸ்காரி, இரண்டு பட்டங்களைத் தந்த ஃபெராரியை விட்டு, 1954-இல் லான்சியாவுக்குப் போனார். கார் தயாராகவில்லை. மாதக்கணக்கில் தயாராகவில்லை. உலகச் சாம்பியன் காரில்லாமல் காத்திருந்தார். பிரான்சிலும் பிரிட்டனிலும் மசெராத்தியை இரவல் வாங்கி ஓட்டினார், இத்தாலியில் பழைய ஃபெராரியையே இரவல் வாங்கி ஓட்டினார், எதையும் முடிக்க முடியவில்லை. அக்டோபரில் கடைசிப் பந்தயத்துக்கு டி50 வந்துசேர்ந்தது. எல்லாரையும்விட வேகமாக ஓடி முதல் இடத்திலிருந்து புறப்பட்டது, முன்னணிக்கும் வந்தது, கிளட்ச் பழுதாகி நின்றது. அந்த ஆண்டில் அவருடைய மொத்தப் புள்ளிகள் ஒன்றும் ஏழில் ஒரு பங்கும். பிரிட்டனில் நேரத்தை முழு வினாடியில் மட்டுமே குறித்ததால் ஏழு பேர் மிக வேகமான சுற்றைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு புள்ளியை ஏழாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு முறை சாம்பியனானவரின் கணக்கில் அந்தப் பின்னத்தைப் பார்க்கும்போது, 26-ஆம் தேதியைவிட இதுதான் எனக்குப் பெரிய சோகமாகத் தெரிகிறது. ஒரு பந்தய ஓட்டுநரின் உச்ச ஆண்டுகள் மிகச் சில. அவற்றில் ஒன்றை அவர் ஒரு பட்டறையின் வாசலில் காத்திருந்து கழித்தார்.

ஐந்தாம் நாள்: மொனாக்கோ

டூரினிலிருந்து சவோனா, அங்கிருந்து கடலோரமாக வென்திமீலியா, பிறகு பிரெஞ்சு ரயில். மொனாக்கோவின் நிலையம் மலைக்குள் குடைந்தது. வெளியே வர வழி கண்டுபிடிப்பதற்கே நேரம் ஆகிறது.

1955-இல் நிலைமை மாறியிருந்தது. டி50 டூரினிலும் நேப்பிள்ஸிலும் நடந்த பந்தயங்களை வென்றுவிட்டது. மே 22 அன்று மொனாக்கோவில் தகுதிச் சுற்று நேரத்தில் மெர்சிடிஸின் ஃபாஞ்சியோவும் லான்சியாவின் அஸ்காரியும் பத்தில் ஒரு வினாடிகூட வித்தியாசமில்லாமல் சமமாக இருந்தார்கள். பந்தயத்தில் பாதி தூரத்தில் ஃபாஞ்சியோ விலகினார். நூறு சுற்றுகளில் எண்பதைத் தாண்டும் வேளையில் முன்னணியிலிருந்த ஸ்டிர்லிங் மாஸின் எஞ்சின் புகைந்து நின்றது. இரண்டாம் இடத்தில் வந்த அஸ்காரி அந்தச் சுற்றை முடித்திருந்தால் போதும், முதலிடம் அவருடையது. சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து, துறைமுகத்தை ஒட்டிய வளைவில், வைக்கோல் கட்டுகளை உடைத்துக்கொண்டு காரோடு கடலில் விழுந்தார்.

அந்த இடத்தில் இன்று நின்று பார்த்தேன். பாதை பலமுறை மாற்றப்பட்டிருக்கிறது, இப்போது உறுதியான தடுப்புகள் இருக்கின்றன, ஆனால் இருட்டிலிருந்து திடீரென வெளிச்சத்துக்கு வந்து இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டிய அமைப்பு அப்படியே இருக்கிறது. நடந்து வந்த எனக்கே சுரங்கவாயில் கண் கூசியது. மாஸின் கார் சிந்திய எண்ணெய் என்பார்கள், பிரேக் இழுத்தது என்பார்கள், கூட்டத்தின் ஆரவாரத்தில் ஒரு கணம் கவனம் சிதறியது என்பார்கள். நீருக்கு மேலே நீல ஹெல்மெட் தெரிந்தபோதுதான் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மூச்சு வந்தது. மூக்கெலும்பு உடைந்ததும் சில காயங்களும்தான். நீந்திப் படகைப் பிடித்தார். காரைக் கிரேன் கொண்டு தூக்கினார்கள். வெற்றி ஃபெராரியின் மொரீஸ் த்ரன்தின்யானுக்குப் போனது.

ஹெல்மெட் பழுதுபார்க்க அனுப்பப்பட்டது.

ஆறாம் நாள்: மொன்ஸா

மிலானுக்குத் திரும்பி, அங்கிருந்து மொன்ஸா. 1922-இல் கட்டப்பட்ட பந்தயப் பாதை ஒரு பெரிய பழைய பூங்காவுக்குள் இருக்கிறது. நடைப்பயிற்சி செய்பவர்கள், சைக்கிளில் போகும் குடும்பங்கள், மரங்களுக்குப் பின்னாலிருந்து எஞ்சின் ஓசை. அஸ்காரி குடும்பத்துக்கு இது சொந்த ஊர் மைதானம். அந்தோனியோ 1924-இல் இங்கே இத்தாலிய கிராண்ட் பிரியை வென்றார். ஆல்பெர்த்தோ 1949, 1951, 1952 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றார். நான்காவது வெற்றி 1953-இல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் முன்னணியில் வந்தவர் வழுக்கிச் சுழன்றார், ஃபாஞ்சியோ தாண்டிப் போய்விட்டார். யானைக்கும் அடி சறுக்கும். அவரைச் ‘சிச்சோ’, அதாவது குண்டன், என்று செல்லமாக அழைத்த கூட்டம் அன்று அமைதியாக நின்றிருக்கும்.

1955 மே 26, வியாழக்கிழமை. மொனாக்கோ விபத்து நடந்து நான்கு நாள்கள். சில நாள்களில் நடக்கவிருந்த ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் கஸ்தெல்லோத்தியும் அஸ்காரியும் ஒரே காரைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தது. கஸ்தெல்லோத்தி ஃபெராரி 750 மொன்ஸா காரைச் சோதித்துக்கொண்டிருந்தார். அஸ்காரி சும்மா பார்க்க வந்தார். மதிய உணவு வேளை. விபத்துக்குப் பின் அதிக நாள் விடாமல் மீண்டும் காரில் உட்கார்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பயம் நிலைத்துவிடும் என்பது ஓட்டுநர்களின் நம்பிக்கை. சில சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். நீல ஹெல்மெட் இல்லை. யாரும் தொடக்கூடாத அந்தப் பெட்டி இல்லை. கழுத்தில் டை, தலையில் கஸ்தெல்லோத்தியின் வெள்ளை ஹெல்மெட். வில்லோரேஸியும் அங்கே இருந்தார்.

மூன்றாவது சுற்றில் வியலோனே என்னும் வேகமான இடதுபக்க வளைவில் கார் கவிழ்ந்து உருண்டது. அவர் தூக்கி வீசப்பட்டார். உதவி வந்துசேர்ந்த சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. பாதையைக் கடந்த தொழிலாளி ஒருவரைத் தவிர்க்கத் திரும்பினார், டயர் பொருந்தவில்லை, காற்றில் டை முகத்தில் அடித்தது, இன்னும் தேறாத உடம்பு, என்று பல விளக்கங்கள் உண்டு. எதற்கும் உறுதியான சான்று இல்லை. லான்சியா பந்தயத்திலிருந்து விலகி, ஜூலையில் டி50 கார்களை ஃபெராரியிடம் ஒப்படைத்தது. அடுத்த ஆண்டு அவற்றை ஓட்டி ஃபாஞ்சியோ சாம்பியன் ஆனார். உலகச் சாம்பியன் பட்டத்துக்கான 32 பந்தயங்களில் 13-ஐ வென்ற அஸ்காரிதான் ஃபெராரி காரில் அந்தப் பட்டத்தைப் பெற்ற ஒரே இத்தாலியர்.

தன் ஒழுங்கை எல்லாம் ஒரே நாளில் அவர் ஏன் கைவிட்டார் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அன்று அவர் வேலைக்கு வரவில்லை. பெட்டியோடு வந்திருந்தால் வேலைக்கு வந்திருப்பார். வேலைநாளில் அவர் எவ்வளவு கவனமானவர் என்பதைத்தான் ஐந்து நாள்களாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

1972-இல் வியலோனேயின் வேகத்தைக் குறைக்க இடது, வலது, இடது என்று வளைத்துவிட்டார்கள்; வரியான்தே அஸ்காரி என்று பெயர். வேலிக்கு இப்பால் புல் ஈரமாக இருந்தது. உள்ளே யாரோ பயிற்சியில் இருந்தார்கள். ஒரே ஒரு கார், மரங்களுக்கு நடுவே ஓசை முதலில் வரும், பிறகு பிரேக் பிடிக்கும் கணத்தில் தாழும், மூன்று வளைவிலும் மூன்று விதமாக ஒலிக்கும், பிறகு பின்நேர்ச்சாலையில் தேய்ந்து போகும். 1955-இல் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகியிருக்கும். மூன்று சுற்றுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அந்த நேரம் முழுவதும் வேலியோரம் நின்றேன். உள்ளே ஓடிய கார் அதற்குள் மூன்று முறை கடந்து போனது. நான்காவது முறையும் ஓசை கேட்டபிறகு, ரயில் நிலையத்தை நோக்கி நடந்தேன்.